எந்த வயரும் ஒண்ணுதான்

எங்கள் தெருவில் யாராவது "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று சொன்னால், "எவ்வளவு?" என்று உடனே ஒரு குரல் வரும். கேட்பது மருத்துவர் இல்லை, மூன்றாவது வீட்டு அக்கா. "உடம்பு கொதிக்குதுக்கா" என்ற பதில் அவளுக்குப் போதாது. "கொதிக்குதுன்னா நூறு டிகிரி சென்டிகிரேடுட்டி. அப்பிடியா இருக்கு? தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தியா இல்லியா?" என்பாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அழுகையே வந்துவிடும். அதற்குள் அக்கா தன் வீட்டுக்குள் போய்த் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே திரும்பி வருவாள். ஆஸ்பத்திரிக்கும் அவள்தான் கூடப் போவாள்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில், பௌதிக ஆய்வகத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை. பாடம் நடத்துகிற வேலை இல்லை. கருவிகளை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கித் துடைத்துப் பூட்டி வைக்கிற வேலை. ஆனால் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணினால் பேராசிரியைகளே அவளைத் தேடி வருவார்கள் என்று அங்கே படித்த என் தங்கை சொல்லியிருக்கிறாள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு கையில் சோற்று டப்பா இருக்கும், மறுகையில் மஞ்சள் பை. பைக்குள் மின்சாரம் அளக்கிற, முள் வைத்த மல்டிமீட்டர், சொந்தமாக வாங்கியது. மற்ற பெண்கள் பர்ஸை மறந்தால் பதறுகிற மாதிரி அவள் அந்த மீட்டரை மறந்தால் பதறுவாள். ஊருக்கு அவள் மீட்டர் அக்கா. அவளுக்கு அது தெரியும், கோபம் கிடையாது.

எதிர்வீட்டில் ஒரு தடவை பிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்று கை இழுத்தது. அந்த வீட்டுக்காரர் பூசணிக்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் கட்டினார், கடைசியில் பிரிட்ஜையே விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார். அக்கா போய் மீட்டரை வைத்தாள். எர்த் கம்பி புதைத்த குழி கோடையில் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. "ரெண்டு குடம் தண்ணிய இங்கன ஊத்துங்க. பூசணிக்காயச் சாம்பார் வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் பிறரை மடக்குவதற்காக அளக்கிறாள் என்றுதான் நாங்கள் வெகுகாலம் நினைத்திருந்தோம். மார்கழி விடியலில் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகிற பெண்கள், ஆற்றுத் தண்ணீர் அந்த நேரத்தில் வெதுவெதுப்பாக ஆகிறது என்று சொல்வார்கள். அக்கா ஒரு நாள் சாயங்காலமும் மறுநாள் விடியலிலும் வெப்பமானியோடு படித்துறைக்குப் போனாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஈரப் புடவையோடு படியில் நின்றுகொண்டே, "தண்ணி சூடாகலட்டி. நீங்கதான் குளிந்து போயிட்டிய" என்று அறிவித்தாள். அத்தனை பேரும் அவளை வைதார்கள். அதோடு விட்டாளா? மறுநாள் அவளாகவே, "ஆனா உங்க ஒடம்புக்கு வெதுவெதுன்னு இருக்குங்கது பொய்யில்ல. அது காத்தோட குளிரு. நானும் முங்கிப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு" என்று வீடுவீடாய்ச் சொன்னாள். அந்த இரண்டாம் பாதியை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. முதல் பாதியின் எரிச்சல்தான் மனத்தில் நின்றது.

என்னோடு அவள் மோதியது ஸ்பீக்கர் வயரில்.

எனக்கு அப்போது ஸ்டீரியோ பைத்தியம் முற்றியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து நண்பர்கள் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கேசட் போட்டுக் கேட்போம். கேட்பது கொஞ்சம், பேசுவது நிறைய. மதுரையில் ஒரு கடைக்காரர் எனக்கு விரல் தடிமனில் ஒரு வயர் விற்றார். கண்ணாடி மாதிரி உறை, உள்ளே தங்கமாய் மின்னுகிற செம்பு, உறையின் மேல் வரிசையாய் அம்புக்குறி. அம்பு ஸ்பீக்கரைப் பார்த்து இருக்க வேண்டுமாம், திருப்பிப் போட்டால் பாட்டு செத்துவிடுமாம். நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், "வீணைத் தந்தியில விரல் உரசுதது கூடக் கேக்குது வே" என்று நண்பர்களிடம் அளந்தேன். அவர்களுக்கும் கேட்டது. ஒருவருக்குப் பாடகர் மூச்சு வாங்குவது கேட்டது.

ஜன்னல் வழியே அக்காவின் தலை தெரிந்தது. "எந்த வயரு போட்டிருக்குன்னு தெரியாம இருந்தாலும் கேக்குமா தம்பி?"

"காதுள்ளவனுக்குக் கேக்கும்க்கா" என்றேன். வினை அங்கே ஆரம்பித்தது.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டுப் பத்தமடைப் பாயோடு வந்தாள். செட்டை மறைத்து அதைத் திரைபோல் கட்டினாள். பாய்க்குப் பின்னால் என் அம்புக்குறி வயரும், வீட்டு வயரிங்குக்குப் போடுகிற சாதாரணச் செம்பு வயரும். ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டிவிட்டு, பூவா தலையா பார்த்து, ஏதோ ஒன்றை மாட்டுவாள். நாங்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்து எது என்று தாளில் எழுத வேண்டும். பத்து தடவை. நான் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வித்வான்போல் எழுதினேன்.

பத்தில் எனக்கு ஐந்து சரி. நண்பர்களில் ஒருவருக்கு நாலு, ஒருவருக்கு ஆறு.

"கேக்காமலே எழுதியிருந்தாலும் இதானே வந்திருக்கும்?" என்று அக்கா பாயைச் சுருட்டினாள். அன்றைக்கு அவளுக்கும் தலைக்கு ஏறிவிட்டது. வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எந்த வயரும் ஒண்ணுதான்! துணி காயப்போடுத கம்பியக் கொண்டா, அதுலயும் பாடும்!" என்றாள். ஒரு வாரத்தில் அந்த வாக்கியம் டவுன் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் என்னைக் கண்டால், "என்ன வே, அம்பு எந்தப் பக்கம் போகுது?" என்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். அக்காவோடு மூன்று மாதம் பேச்சை நிறுத்தினேன்.

அந்தக் கடுப்பு இருக்கும்போதுதான் பிடில் அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். ரெண்டு தெரு தள்ளி வீடு. நாற்பது வருஷமாகக் கச்சேரிகளில் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிடில் வாசிக்கிறவர். துபாயிலிருந்து மருமகன் ஒரு செட் கொண்டுவந்திருந்தார், அதை மாட்டிக் கொடுக்க வேண்டும். பூசை அறை வாசலுக்கு வலப்பக்கம் செட்டும் ஒரு ஸ்பீக்கரும், இடப்பக்கம் இன்னொரு ஸ்பீக்கர். செட்டுக்கு மேலே அவருடைய குருநாதரின் படம், மாலையோடு. இடப்பக்கத்துக்கு நேராக வயரை இழுக்கலாம் என்றால் மைனி, அண்ணாச்சியின் மனைவி, குறுக்கே வந்தார். "பூசை அறை வாசல்ல கம்பி கெடக்கக் கூடாது தம்பி. தாண்டித் தாண்டிப் போகணும்லா? ஆகாது."

சரி, மற்ற மூன்று சுவரையும் சுற்றிக் கொண்டுபோனேன். செட்டோடு வந்த வயர் வலப்பக்கத்துக்கு மட்டும்தான் எட்டியது. இடப்பக்கத்துக்கு? என் பையில் காலிங்பெல்லுக்குப் போடுகிற மெல்லிய வயர் ஒரு சுருள் கிடந்தது. நூல் கனம். எனக்கே ஒரு நொடி தயக்கம் வந்தது. பிறகு, 'எந்த வயரும் ஒண்ணுதானே, மகராசியே சொல்லியிருக்கா' என்று வீம்பாக அதைப் போட்டேன். அதுவும் பத்தாமல் அடுக்களைப் பக்கம் ஒரு துண்டை முறுக்கி ஒட்டுப் போட்டேன். பாட்டு வந்தது. அண்ணாச்சி காப்பி கொடுத்தார்.

ஒரு மழைக்காலம் போய் மறு கோடை வந்தது. ஒருநாள் சாயங்காலம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தாளும் பேனாவும் கொடுத்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

"எழுதும். வருத கோயில் கச்சேரிக்கு நான் வரல. இனிமே எந்தக் கச்சேரிக்கும் வரல. வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லி எழுதும்."

"என்ன அண்ணாச்சி, என்ன சொல்லுதிய?"

அவர் தன் இடது காதைத் தொட்டார். "இது போயிட்டு வே."

பிடிலை இடது தோளில் சார்த்தி வாசிக்கிறவருக்கு இடது காதுதான் எஜமான். அது மங்கிக்கொண்டே வருவதாக அவருக்குச் சில மாதமாகத் தெரியுமாம். எப்படித் தெரியும் என்று கேட்டேன். குருநாதரின் பாட்டைத் தினமும் காலையில் இந்தச் செட்டில் கேட்கிறார். முன்பெல்லாம் இரண்டு காதிலும் விழுந்த குரல், இப்போது வலது காதோடு ஒதுங்கிவிட்டது. அந்தப் பயம் பிடித்தபிறகு பிடிலும் மங்கித்தான் கேட்கிறதாம். டாக்டரிடம் போகவில்லை. "அவர் சொல்லிட்டாருன்னா அப்புறம் மறுபேச்சு இல்லையே" என்றார். அடுக்களை வாசலில் மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

எனக்கு எழுதக் கை வரவில்லை. "பேனா கசியுது, வேற எடுத்துட்டு வாரேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. கால் தானாக மூன்றாவது வீட்டில் போய் நின்றது. பேச்சு திரும்ப ஆரம்பித்திருந்தாலும் நான் அவள் படி ஏறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "காதுன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?" செருப்பை மாட்டும்போதே மஞ்சள் பை கையில் இருந்தது.

அவள் போனதும் மீட்டரை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. செட்டைப் பார்த்தாள், அண்ணாச்சி உட்காரும் நாற்காலியைப் பார்த்தாள். குருநாதரின் கேசட்டைப் போடச் சொல்லிக் கேட்டாள்.

"அண்ணாச்சி, செத்த நாக்காலியத் திருப்பிப் போட்டு, செட்டுக்கு முதுகக் காட்டி உக்காருங்க."

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சு பேசுத தாயி? எங்க குருநாதர் பாடுதார். நான் முதுகக் காட்டி உக்காரணுமா? இந்த வயசுல அந்தப் பாவத்த வேற சம்பாதிக்கணுமா?"

இத்தனை மாதத்தில் அவர் ஒருநாள்கூட அந்தக் குரலுக்கு முன்னால் திரும்பி உட்கார்ந்ததில்லை. அறையில் நடமாடும்போதுகூட அது பாடிக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் பைய நகர்ந்துதான் போவார் என்று மைனி சொன்னார். அக்கா வாதம் பண்ணவில்லை. கேசட்டைப் பணிவாக நிறுத்தி, உறையில் போட்டு மூடினாள். பிறகு அதே செட்டில் ரேடியோவைத் திருகினாள். யாரோ ஒருவர் வாழைத்தார் விலை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இவரு உங்களுக்குக் குரு இல்லையே?"

அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுந்தார். நாற்காலியை நான் திருப்பிப் போட்டேன். உட்கார்ந்தார். வாழைத்தார் விலை போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தையே நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். அவர் கை மெதுவாக வலது காதுக்குப் போனது. பிறகு இடது காதுக்கு வந்தது. மறுபடி வலது காதுக்குப் போனது.

"தாயி... இப்ப வலது காதுல்லா மங்குது?"

"ஒரு நிமிசத்துல ஒரு காது நோவு மறு காதுக்கு மாறுமா அண்ணாச்சி?" என்றாள் அக்கா. "உங்க காது ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. நோவு உங்களுக்கு இல்ல, இந்தச் சனியனுக்கு" என்று இடப்பக்கத்து ஸ்பீக்கரைக் காட்டினாள். மைனி 'எம்மா' என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மீட்டர் வெளியே வந்தது. செட்டிலும் ஸ்பீக்கரிலும் வயரைக் கழற்றினாள். அந்தக் கோடியில் இரண்டு முனையையும் என்னை முறுக்கிப் பிடிக்கச் சொல்லி, இந்தக் கோடியில் மீட்டரை வைத்தாள். முள் ஆறு ஓமில் நின்றது. வலப்பக்கத்து வயருக்கு முள் நேரே பூஜ்யத்தில் போய் நின்றது. சுவரைத் தடவிக்கொண்டே போனவள் அடுக்களைப் பக்கம் நின்றாள். நான் முறுக்கிய ஒட்டு ஈரத்தில் பச்சை பூத்திருந்தது.

"ஸ்பீக்கரு எட்டு ஓம். வழியில வயரே ஆறு. பந்தியில எட்டுப் பேரு காத்துக் கெடக்கான், அவனுக்குப் போற சோத்துல பாதிய அடுக்களை வாசல்லயே ஆறு பேரு நின்னு தின்னுடுதான்." நிமிர்ந்தாள். "யாரு போட்ட வயரு இது?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "நான்தான்க்கா. நீங்கதான சொன்னிய, எந்த வயரும் ஒண்ணுதான்னு."

வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்த பேச்சு அது. ஒரு வித்வானை வீட்டோடு உட்கார வைக்க இருந்த அந்த வீம்பு, என் வீம்பு. அதை அவள் தலையில் கட்டிவிட்டு நின்றேன். அவள் என்னைக் கிழித்துத் தொங்கப் போடுவாள் என்று காத்திருந்தேன்.

அக்கா மீட்டரின் முள்ளை இன்னொரு தடவை பார்த்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். பாயைச் சுருட்டிக்கொண்டு என்னை ஜெயித்துப் போன அன்றுகூட அந்தச் சந்தோஷம் அவளிடம் இல்லை.

"அட, ஆமா! நான் சொன்னது தப்பு தம்பி! தப்பேதான்! அன்னைக்கு ரெண்டு வயரும் தடிமன், ரெண்டும் நாலு முழம். அத வச்சு ஊருக்கெல்லாம் சட்டம் போட்டுட்டேன் பாரு. அம்புக்குறியும் கண்ணாடி உறையும் வேசந்தான், அதுல மாத்தமில்ல. ஆனா நீளமும் தடிமனும் வேசம் இல்ல. அதப் பத்தி நான் அளக்கவே இல்ல, அளக்காமப் பேசிட்டேன்!"

உதவியாளர் வேலையில் இருபது வருஷம் இருந்தவள், தன் தோல்வியைப் பரிசு வாங்கினவள்போல அந்த அறையில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அளந்தது எங்களை மடக்க இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. முள் எங்கே நிற்கிறதோ அங்கே போய் நிற்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

நான் ஓடிப்போய்ச் சாதாரணச் செம்பு வயர் வாங்கி வந்தேன். மறுபடியும் பூசை அறை வாசல் குறுக்கே நின்றது. நான் மைனியைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கீழ கெடக்கக் கூடாதுன்னுதான சொன்னேன்? நிலைக்கு மேல கூடிப் போனா யாரு வேண்டாங்கா?" என்றார். இந்த ஒரு கேள்வியை அன்றைக்கே கேட்கத் தெரியாத ஆளாகத்தான் நான் இருந்திருக்கிறேன். நிலைக்கு மேலே, மாவிலைக்குப் பின்னால், ஐந்தே நிமிஷத்தில் வயரை அடித்தேன். அக்கா அளந்தாள். முள் பூஜ்யத்தில் போய் நின்றது.

நாற்காலியை முன்போலத் திருப்பிப் போட்டோம். அண்ணாச்சி கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கேசட் ஓடியது. இரண்டு வரி பாடி முடிந்தது.

"நடுவுல வந்துட்டாரு" என்றார் அண்ணாச்சி. கண் தாரைதாரையாய் வடிந்தது. "எங்க குருநாதர் நடுவுல வந்து உக்காந்துட்டாரு தாயி."

கடிதம் எழுதப்படவில்லை. அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் கச்சேரி. அண்ணாச்சி வாசித்த வாசிப்பு அது ஒரு வேட்டை. பாடகர் சரம்சரமாய் விட்ட ஸ்வரங்களை ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்தார், கூட ஒன்று சேர்த்தும் கொடுத்தார். பாடகர் கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக் கும்பிட்டார். மண்டபம் அதிர்ந்தது. ராகமும் தாளமும் அறியாத மீட்டர் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து தப்புத்தப்பாகத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

முடிவில் அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைக் கழற்றி மடித்துக்கொண்டு, மேடையிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். நான் பிடித்துத் தள்ளினேன். மேடையில் அவர் அந்தப் பொன்னாடையை அவள் கையில் கொடுத்து, "இன்னைக்கு நான் வாசிச்சது இந்தத் தாயாலே" என்று மைக்கில் சொன்னார். யாரோ மைக்கை அவள் பக்கம் திருப்பிவிட்டார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கூட்டம் கத்தியது.

அக்கா பொன்னாடையை இடுக்கிக்கொண்டு மைக்கை நெருங்கினாள். பேசப் பழக்கமில்லாத குரல் மண்டபம் முழுக்க முழங்கியது.

"எல்லாருக்கும் வணக்கம். எந்த வயரும் ஒண்ணுதான்னு நான் ஊர் பூராச் சொன்னேன். அது தப்பு."

அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டாள். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அது என்ன பேச்சு என்றே விளங்கவில்லை. ஆனாலும் மண்டபமே எழுந்து கை தட்டியது. விளங்கிய நான், உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டிக்கொண்டே இருந்தேன்.